ஸ்டெப்னிக்கு அரை பஸ் தூரம்

ஐம்பது பேர் உட்காரும் பஸ்ஸில் நூற்றுச் சொச்சம் பேரை அடைத்துவிட்டு, "உள்ள போ, உள்ள போ, நடுவுல கிரவுண்டு மாதிரி கெடக்குது" என்று முப்பது வருடம் கத்திய வாயால், ஒரே ஒரு நாய்க்காக ஒரு தெருவையே ஒதுங்கி நிற்கச் சொன்ன மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் கோவளத்தில் எங்கள் பழைய தெருவின் கடைசி வீட்டு மாடியில் இருந்தார்.

அவருடைய பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். தெருவில் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'ஹோல்டான்' என்றால்தான் தெரியும். பஸ்ஸை நிறுத்துவதற்கு எங்கள் பக்கத்துக் கண்டக்டர்கள் போடும் சத்தம் அது. கோவளத்திலிருந்து திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் அவர் 'ஹோல்டான்' என்றால் அந்த பஸ் மட்டுமல்ல, எதிரே வருகிற லாரியும் ஒரு நொடி யோசிக்கும் என்பார்கள்.

பணி ஓய்வு பெறுகிற நாளில் மற்றவர்கள் மாலையும் சால்வையுமாக வீடு திரும்புவார்கள். இவர் சால்வையோடும் ஒரு நாயோடும் திரும்பினார். மாலை வரவில்லை. பஸ் டிப்போவில், கழற்றிப்போட்ட ஸ்டெப்னி டயருக்குள் சுருண்டுகிடந்த ஒரு செவலை நாய் அந்த மாலையைத் தின்றுவிட்டதாம். "நமக்குப் போட்ட மாலைய துன்னவன அங்கியே வுட்டுட்டு வர முடியுமா சார்" என்று என்னிடம் கேட்டார். டயரில் கிடைத்ததால் நாய்க்கு ஸ்டெப்னி என்றே பெயர் வைத்துவிட்டார்.

ஸ்டெப்னி பஸ் நிலையத்தில் அடிபட்டு வளர்ந்த நாய். முதுகில் யாரோ வெந்நீர் ஊற்றிய தழும்பு இருந்தது. ஒரு காது பாதிதான். மனிதர்கள் கிட்டே வந்தால் அதற்கு ஆகாது, மற்ற நாய்கள் வந்தால் அறவே ஆகாது. உடம்பெல்லாம் விறைத்து, கயிற்றை இழுத்து, தெருவே அதிரும்படி குரைக்கும். யாரையும் கடித்ததில்லை. ஆனால் அதன் குரைப்பைக் கேட்டவர்கள் அந்த விவரத்தைப் பற்றியெல்லாம் நின்று விசாரிக்கவில்லை.

ஹோல்டான் இதை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "சார், முன் படிக்கட்டுல ஆளு நின்னா இது பாட்டுக்கு கீது. நடு பஸ் தாண்டி வந்தான்னா டென்ஷன் ஆவுது. இதுக்கு அரை பஸ் தூரம் வோணும்." அவர் உலகத்தில் அடி, மீட்டர் எல்லாம் கிடையாது. எல்லாமே பஸ் கணக்குதான்.

எங்கள் தெருவின் அகலமோ பன்னிரண்டு அடி. கடற்கரைக்குப் போக வேறு வழியும் கிடையாது. ஆகவே ஹோல்டான் தன் பழைய விசிலை எடுத்தார். காலை ஆறு மணிக்கு மாடிப்படியில் ஒற்றை விசில் கேட்கும். பால்காரர், பேப்பர் போடுபவர், துணி தேய்ப்பவர், கோலம் போடுகிற அம்மாக்கள் எல்லோரும் பக்கத்தில் இருக்கிற கேட்டுக்குள் ஏறிவிட வேண்டும். ஸ்டெப்னி கடந்துபோன பிறகு இரட்டை விசில். எல்லோரும் இறங்கி வேலையைப் பார்க்கலாம். யார் வீட்டுக் கேட் என்றெல்லாம் பார்க்க நேரமிருக்காது. எதிர்வீட்டுக்காரரோடு இரண்டு வருடமாகப் பேசாமலிருந்த நான், அவர் வீட்டுக் கேட்டுக்குள் பனியனோடு நின்று "சௌக்கியமா" என்று கேட்க வேண்டியதாயிற்று.

புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் அவருக்குக் கொண்டாட்டம். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்க்கும். ஹோல்டான் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு, "இன்னிக்குத்தான் சார் ரூட்டு கிளியர்" என்று நாயோடு இறங்கிவிடுவார். தென்னை மட்டை பறக்கும் தெருவில் அவர்கள் இருவர் மட்டும் நிம்மதியாக நடந்துபோவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டெப்னிக்கும் அவர் விசில்தான் கற்றுக்கொடுத்திருந்தார். ஒன்று அடித்தால் உட்கார வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். வீட்டுக்குள் இது அற்புதமாக வேலை செய்தது. மெயின் ரோட்டில்தான் சிக்கல் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஈசிஆரில் மாமல்லபுரம் போகிற கூட்டம். எதிரே ஒருவர் கன்றுக்குட்டி உயரத்தில் இரண்டு நாய்களோடு வந்துகொண்டிருந்தார். ஹோல்டான் பதறிப்போய் ஒரு விசில் அடித்தார். ஸ்டெப்னி உட்கார்ந்தது. பக்கத்தில் போய்க்கொண்டிருந்த மாமல்லபுரம் பஸ்ஸும் நின்றது. கடற்கரைக் கோயில் வந்துவிட்டது என்று நாலு பேர் இறங்கி, எங்கள் ஊர் ஐஸ் பேக்டரியைப் போட்டோ எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பஸ்ஸின் இளம் கண்டக்டர் குதித்து இறங்கினார். "எவன்யா விசில் அட்ச்சது?" என்றவர், ஆளைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "அண்ணே, நீங்களா? உங்ககிட்ட தொழில் கத்துகினவன்ணே நானு."

"தம்பி, நாலு பேரு தப்பா எறங்கிட்டாங்க பாரு. ஏத்திக்கோ. டிக்கெட்ட திரும்பக் கேக்காத" என்று ஹோல்டான் நடுரோட்டில் நின்று அறிவுரை சொன்னார். எல்லோரும் ஏறினார்கள். கண்டக்டர் இரட்டை விசில் கொடுத்தார். பஸ் கிளம்பியது. கூடவே ஸ்டெப்னியும் கிளம்பியது. பெட்ரோல் பங்க் வரை பஸ்ஸுக்கு இணையாக ஓடிய ஹோல்டானைப் பார்த்து, ஜன்னலோரப் பயணிகள் இவர் பஸ்ஸைத் தவறவிட்டவர் என்று நினைத்துப் பரிதாபப்பட்டார்கள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு எழுதுகிறேனே தவிர, ஒரு விஷயத்தில் நான் யோக்கியனாக நடந்துகொள்ளவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள், போனில் என் பத்திரிகை ஆசிரியரோடு வாதாடியபடி தெருவில் நடந்துகொண்டிருந்தேன். விசில் என் காதில் விழவில்லை. திரும்பிப் பார்த்தால் இரண்டு சீட் தூரத்தில் ஸ்டெப்னி, பல்லெல்லாம் தெரிய. நான் பின்னால் ஒரே தாவாகத் தாவினேன். அங்கே மீன் விற்கும் கன்னியம்மாவின் கூடை இருந்தது. கூடை நிறைய மத்தி. அதில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயோ, எழுத்து சாரே, எந்திரி. முள்ளு குத்தப்போவுது" என்று கன்னியம்மா கைகொடுத்தார். என் வேட்டியைக் கவனித்துவிட்டு, "ஒரு கூறு மத்தி உன் இடுப்புலியே கீது, நில்லு" என்றார். ஒரு வாரம் தெருப் பூனைகள் எல்லாம் என் வீட்டு வாசலில்தான் இருந்தன.

மானம் போன கோபத்தில் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு மனு எழுதினேன். 'பொதுமக்களின் உயிருக்கும் உணவுக்கும் ஊறு விளைவிக்கும்' என்று ஆரம்பித்து மூன்று பக்கம். என் எழுத்து வாழ்க்கையில் உடனடியாகப் பலன் கொடுத்த படைப்பு அது ஒன்றுதான். சங்கத் தலைவர்தான் ஹோல்டானுக்கு வீட்டுக்காரரும்கூட. கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டார். ஒரு மாதம் தவணை. ஆவணி முதல் ஞாயிறு அன்று சங்கத்துக்காரர்கள் தெருவில் இருப்பார்கள். விசில் கூடாது. கடற்கரை வரை நாய் யார் மீதும் பாயாமல் போய்வர வேண்டும். இல்லையென்றால் நாயை எங்காவது விட வேண்டும், அல்லது அவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

ஹோல்டான் யாரையும் திட்டவில்லை. கூட்டம் முடிந்து என் பக்கத்தில் வந்து நின்றார். மனு எழுதியது நான் என்று அவருக்குத் தெரியும்.

"தினம் ஆயிரம் பேரு என் மேல சாஞ்சிகினு வந்தாங்க சார், முப்பது வருசமா. ரிட்டயர் ஆன அன்னிக்கி ஒருத்தரும் கூட வரல. இது ஒண்ணுதான் வூட்டுக்கு வந்துச்சு. இத்த வுட்டுட்டு நா எங்க போறது? இத்த இட்டுகினு போனா எவன் வூடு குடுப்பான்?"

அவர் கேட்டது என்னிடம் இல்லை, பொதுவாகத்தான். ஆனால் மனு எழுதிய பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது.

மறுநாள் காலி மீன் டெம்போ ஒன்றைப் பிடித்து, அவரும் ஸ்டெப்னியும் திருப்போரூரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனார்கள். பரிகாரமாக நானும் டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டேன். டாக்டர் சின்னப் பெண். ஸ்டெப்னியைக் கிட்டே போய்ப் பார்க்காமல், கதவோரமாகத் தரையில் உட்கார்ந்து, வேறு பக்கம் பார்த்தபடியே பேசினார்.

"இது முரட்டு நாய் இல்லீங்க, பயந்த நாய். யாரும் கிட்ட வராத வரைக்கும் அதுக்கு நம்பிக்கை இருக்கும். தூரத்துல ஆளைப் பார்த்ததும் ஏதாவது தின்னக் கொடுங்க. ஆளைப் பார்த்தா நல்லது நடக்குதுன்னு அதுக்குப் புரியணும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வரலாம். அது தயார்னா மட்டும்."

பிறகு ஒரு யோசனையும் சொன்னார். வெளிநாடுகளில் இப்படிப்பட்ட நாய்களின் கயிற்றில் மஞ்சள் துணி கட்டுவார்களாம். அதைப் பார்த்தாலே மக்கள் விலகிப் போவார்களாம். ஹோல்டானுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அன்று சாயங்காலமே அரை மீட்டர் மஞ்சள் துணி வாங்கி ஸ்டெப்னியின் கழுத்தில் கட்டினார்.

வெளிநாட்டில் என்ன மாதம் என்று தெரியாது. கோவளத்தில் அது ஆடி மாதம். ஆடி மாதத்தில் மஞ்சள் துணி கட்டி, காலையில் குளித்துவிட்டு ஒரு ஜீவன் தெருவில் வந்தால் எங்கள் ஊர் என்ன நினைக்கும்?

"எந்த அம்மனுக்குண்ணே நேந்துகினு கீற?" என்று முதல் வீட்டு அம்மா சொம்பில் மஞ்சள் தண்ணீரோடு வந்துவிட்டார். "நாயின்னா வைரவர் வாகனம்" என்று இரண்டாவது வீட்டார் குங்குமத்தோடு வந்தார். இத்தனை நாள் கேட்டுக்குள் பதுங்கியவர்கள் எல்லாம் அரை பஸ் தூரத்தை உடைத்துக்கொண்டு கைகூப்பியபடி நெருங்கினார்கள். ஸ்டெப்னி குரைத்த குரைப்பில் காக்கைகள் பறந்தன. "அருளு வந்துடுச்சு" என்று பின்னாலிருந்து ஒருவர் கற்பூரம் ஏற்றினார்.

"அம்மா, தள்ளிப் போங்கம்மா, இது சாமி நாய் இல்லம்மா" என்று ஹோல்டான் கெஞ்சினார். தன்னடக்கத்தில் சொல்கிறார் என்று இன்னும் இரண்டு பேர் விழுந்து கும்பிட்டார்கள். கடைசியில் ஸ்டெப்னி கயிற்றை உருவிக்கொண்டு ஓடி, மணலில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகுக்குள் ஏறிப் படுத்துக்கொண்டது. மதியம் வரை இறங்கவில்லை. ஹோல்டானும் படகில் ஏறி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "டாக்டரம்மா சொன்னதெல்லாம் ஒரே டிரிப்புல போச்சு சார்" என்றார். மஞ்சள் துணியைக் கழற்றி எறிந்தாயிற்று.

துன்பம் தனியாக வராது என்பார்கள். அந்தப் படகில் படுத்ததில் ஸ்டெப்னிக்கு உடம்பெல்லாம் உண்ணி. கன்னியம்மா பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்த, சொறிஞ்சிகினே கீது? நாலு கொத்து வேப்பிலைய கழுத்துல கட்டி வுடு. உண்ணி அண்டாது" என்றார். ஹோல்டான் மறுநாள் காலை வேப்பிலையைக் கொத்தாகக் கட்டி, வழக்கம்போல ஒற்றை விசில் அடித்துவிட்டு இறங்கினார்.

அன்று நான் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். நடந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

பால்காரர் நாயின் கழுத்தைப் பார்த்தார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அப்படியே போய்விட்டார். கோலம் போட்ட அம்மா மாவுக் கிண்ணத்தோடு உள்ளே நகர்ந்து, கதவோரம் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். துணி தேய்ப்பவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சந்துக்குள் ஒதுங்கினார். சத்தமில்லை, கூட்டமில்லை, குங்குமமில்லை. ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் உள்ளே யாருக்கோ அம்மை வார்த்திருக்கிறது, அந்தப் படி ஏறக்கூடாது என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வேப்பிலையே நடந்து வந்தால்? அரை பஸ் என்ன, இரண்டு பஸ் தூரம் கிடைத்தது.

ஸ்டெப்னி இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் பார்த்தது. தெரு கடைசி வரை ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. ஹோல்டான் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் இருந்தது. என்ன நடந்தது என்று அவருக்கு அப்போது புரியவில்லை என்பதுதான் வேடிக்கை. கடற்கரையில் கன்னியம்மா சொல்லித்தான் புரிந்தது.

"நா பொய் சொல்லலியே சார்" என்று என்னிடம் வந்து தவித்தார். "உண்ணிக்குத்தானே கட்டினேன்?"

"உண்ணிக்குத்தான்" என்றேன்.

"எல்லாரும், அம்ம எறங்கி தலைக்குத் தண்ணி எப்போ ஊத்தப்போறேன்னு கேக்கறாங்க. எல்லாம் எறங்கினதும் குளிப்பாட்டுவேன்னு சொன்னேன். அது நெசந்தானே?"

"நெசந்தான்" என்றேன். பத்திரிகைக்காரனாக நான் உண்மையை மூடி மறைத்த ஒரே சந்தர்ப்பம் அது. அதற்காக வருத்தமே இல்லை.

வேப்பிலை கொடுத்த அந்த இடைவெளியில்தான் டாக்டர் சொன்ன பயிற்சி ஆரம்பமாயிற்று. தினமும் காலையில் கடற்கரையில் எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. பயணி உத்தியோகம். அரை பஸ் தூரத்தில் நான் போய் நிற்க வேண்டும். ஸ்டெப்னியைப் பார்க்கக் கூடாது, கடலைப் பார்க்க வேண்டும். ஸ்டெப்னி என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஹோல்டான் அதன் வாயில் ஒரு துண்டு வேகவைத்த ஈரலைப் போடுவார்.

"ஆடாத சார். பஸ்ஸுல பக்கத்து ஆளு மூஞ்சியையா பாத்துகினு வருவ? சொம்மா நில்லு" என்பார். மத்திக் கூடை நினைவில் நான் ஒரு தடவை பின்னால் பார்த்துக்கொள்வேன். நாலு நாளில் ஸ்டெப்னி உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தது. பிறகு ஆறு சீட் தூரம், ஐந்து சீட். ஒருநாள் நான் தும்மியதில் மறுபடி எட்டு சீட்டுக்குப் போய்விட்டது. ஹோல்டான் ஈரலைப் பொட்டலம் கட்டினார். "நாளைக்கிப் பாத்துக்கலாம்" என்றார். மாதக் கடைசியில் நான்கில் நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

ஆவணி முதல் ஞாயிறு வந்தது. உண்ணியெல்லாம் போய்விட்டது. வேப்பிலை இல்லாமல்தான் போவேன் என்று ஹோல்டான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். "இப்போ கட்டினா அது பொய் சார்." விசிலையும் மேல் பாக்கெட்டில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார். தலைவர் நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். தெருவில் எல்லோரும் இருந்தார்கள்.

ஸ்டெப்னி படி இறங்கியது. விசில் அடிக்கவில்லை. ஆனாலும் பால்காரர் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டுக் கேட்டுக்குள் ஏறினார். துணி தேய்ப்பவர் சந்துக்குள் போனார். கோலத்து அம்மா முதுகைக் காட்டி நின்று மாவைக் கலக்கினார். "ஹோல்டான், ஹோல்டான்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே கன்னியம்மா கூடையை உள்ளே இழுத்தார். ஒரு மாதப் பழக்கம். வேப்பிலையும் வேண்டாம், விசிலும் வேண்டாம் என்கிற அளவுக்குத் தெரு தேறியிருந்தது.

பாதித் தெரு தாண்டியபோது தலைவர் வீட்டுக் கேட் இடுக்கு வழியாக அவருடைய வெள்ளை பொமரேனியன் பாய்ந்து வெளியே வந்தது. நேராக ஸ்டெப்னியைப் பார்த்து ஓடி வந்து, 'வள் வள்' என்று ஒரே கூச்சல். ஸ்டெப்னி விறைத்தது. முதுகு முடி எழுந்தது. ஹோல்டான் கயிற்றை இழுக்கவில்லை. கையில் தளர்வாகவே வைத்துக்கொண்டு, "வா கண்ணு, ரிவர்ஸ் எடுக்கலாம்" என்று மெதுவாகச் சொல்லி, வந்த வழியே நாலடி திரும்பி நடந்தார். நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே இரண்டு நாய்களுக்கும் நடுவில் போய், கடலைப் பார்த்து நின்றேன். பயணி உத்தியோகம்.

ஸ்டெப்னி பொமரேனியனைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. பிறகு தலையைத் தூக்கி ஹோல்டானைப் பார்த்து, ஈரல் எங்கே என்று கேட்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டது. ஹோல்டான் அவசரமாக எடுத்ததில் மூன்று ஈரல் துண்டுகள் கீழே விழுந்தன. மூன்றையும் ஸ்டெப்னி பொறுமையாகத் தின்றது.

தலைவர் ஓடிவந்து தன் நாயைத் தூக்கிக்கொண்டார். அது அவர் கக்கத்திலிருந்தும் குரைத்துக்கொண்டே இருந்தது. அன்று எங்கள் தெருவில் குரைத்த நாய் அது ஒன்றுதான்.

கன்னியம்மா கூடையை வெளியே தள்ளிக்கொண்டே என்னைக் கேட்டார். "இன்னா எழுத்து சார், இதுக்கு எப்போ மனு எழுதப்போற?"

தலைவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மனிதர் என்ன செய்ய முடியும்? "இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு நாற்காலியையும் நாயையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

நாங்கள் கடற்கரைக்குப் போனோம். ஹோல்டான் மணலில் உட்கார்ந்தார், ஸ்டெப்னி அவரை ஒட்டிப் படுத்தது. நான் வழக்கம்போல நாலு சீட் தள்ளி நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, முப்பது வருடம் செங்கல்பட்டு ரூட்டில் ஒலித்த அந்தக் குரல் கேட்டது, ரொம்பவும் தணிந்து.

"இன்னாத்துக்கு சார் படிக்கட்டுலியே நிக்கற? உள்ள வா. பக்கத்து சீட் காலியாத்தான் கீது."

போய் உட்கார்ந்தேன். ஸ்டெப்னி என் பக்கம் திரும்பவில்லை. நானும் அதைப் பார்க்கவில்லை. மூன்று பேரும் கடலைப் பார்த்தோம்.

இப்போது மறைமலைநகருக்குக் குடிவந்துவிட்டேன். இங்கே கம்பெனி பஸ்களில் ஏறிப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். எத்தனையோ பஸ்ஸில் எத்தனையோ பேர் எனக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு மணலில் அவர் கொடுத்த இடம் மட்டும் என்னுடையது என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.